அண்ணனின் வலது சிறுநீரகம்

சிறுநீரகப் புற்றுநோய்க்குப் பழைய மருத்துவ நூல்கள் மூன்று அடையாளங்களைச் சொல்லும். சிறுநீரில் இரத்தம், விலாப்புறத்தில் வலி, கையால் அழுத்தினால் தட்டுப்படும் கட்டி. மருத்துவ மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக இதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி வந்திருக்கிறார்கள். ஆனால் இந்த மூன்றும் சேர்ந்து வருகிற நோயாளிகள் இன்று பத்தில் ஒருவர்கூட இல்லை. மூன்றும் சேர்ந்து வந்துவிட்டால் நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். இப்போது பாதிக்கு மேற்பட்ட கட்டிகள், வேறு எதையோ தேடிப்போன ஸ்கேனில் தற்செயலாக அகப்படுபவை.

என் பெரியப்பா மகனுக்கும் அப்படித்தான் அகப்பட்டது. எனக்கு அண்ணன் முறை. அப்போது அறுபத்தொரு வயது. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2023 ஆவணியில் சாப்பிட்டவுடன் மேல்வயிறு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பித்தப்பைக் கல்லாக இருக்கலாம் என்று குடும்ப மருத்துவர் பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் நிலையத்துக்கு எழுதிக் கொடுத்தார். பித்தப்பையில் ஒன்றுமில்லை. ஆனால் ஸ்கேன் பார்த்த பெண் மருத்துவர் கருவியை வலது விலாவுக்குக் கீழே கொண்டுபோய், மூச்சை இழுத்துப் பிடியுங்கள், விடுங்கள், மறுபடி பிடியுங்கள் என்று ஏழெட்டு முறை சொல்லியிருக்கிறார். வலது சிறுநீரகத்தின் கீழ்முனையில் நான்கரை சென்டிமீட்டருக்கு ஒரு திடமான கட்டி. வயிற்றுவலிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்த வலி வாயு மாத்திரையில் சரியாகிவிட்டது.

குடும்பத்தில் அறிக்கைகளைப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. நான் மருத்துவன் இல்லை. புத்தகம் படிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையின் பலன். படித்துச் சொல்வதில் முதல் சிக்கல் சொற்கள்தாம். அண்ணனுக்கு அது 'கிட்னி'. மதினிக்கும் அதுவே. 'சிறுநீரகம்' என்று நான் சொன்னால் செய்தி வாசிப்பதுபோல் இருக்கிறது என்றார்கள். இந்த உறுப்புக்குத் தமிழில் குண்டிக்காய் என்றொரு பழைய சொல் இருக்கிறது. பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில், லேவியராகமத்தின் பலிச்சடங்குப் பகுதியில் அதைக் காணலாம். இன்று யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். 'புற்றுநோய்' என்ற சொல்லை அண்ணன் வீட்டுக்குள் அனுமதிக்கவில்லை. கட்டி என்றே கடைசிவரை சொன்னார். நானும் அப்படியே சொன்னேன். அறுத்து எடுத்துப் பார்க்கும்வரை அதற்கு வேறு பெயர் சூட்ட எனக்கும் உரிமை இல்லை என்று அப்போது தோன்றியது. மருத்துவக் கணக்கிலும் இதற்கு ஓர் ஆதாரம் உண்டு. நான்கு சென்டிமீட்டருக்குக் குறைவான சிறுநீரகக் கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று தீங்கற்றதாக முடிகிறது. அண்ணனுடையது அந்த எல்லையைக் கொஞ்சம் தாண்டியிருந்தது.

அடுத்தது சி.டி. ஸ்கேன். இரத்தக்குழாயில் சாயமருந்து ஏற்றி எடுக்க வேண்டும். இங்கேதான் விஷயம் சிக்கலானது. அண்ணனுக்குப் பதினெட்டு வருடச் சர்க்கரை. கிரியாட்டினின் 1.5. அதாவது இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்தே சாதாரண வேலையில் ஏறத்தாழப் பாதியைத்தான் செய்துகொண்டிருந்தன. சாயமருந்து அவற்றை மேலும் வருத்தலாம். மெட்ஃபார்மினை நிறுத்திவைத்து, நரம்பில் உப்புநீர் ஏற்றி, ஒருநாள் தங்கவைத்து எடுத்தார்கள்.

சி.டி. படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. நீருக்குப் பூஜ்யம், காற்றுக்குக் கழித்தல் ஆயிரம், கொழுப்பு கழித்தல் நூறை ஒட்டி. இந்த அளவுகோலுக்கு ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு என்று பெயர். காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் இ.எம்.ஐ. என்ற இங்கிலாந்து நிறுவனத்தில் பொறியாளர். இசைத்தட்டு ரசிகர்களுக்குப் பரிச்சயமான அதே இ.எம்.ஐ. தான். அவர் உருவாக்கிய கருவியில் முதல் நோயாளியின் தலை 1971இல் லண்டனில் படமெடுக்கப்பட்டது. 1979இல் நோபல் பரிசு. சிறுநீரகக் கட்டி விஷயத்தில் மருத்துவர்கள் கேட்கும் கேள்வி எளிமையானது: சாயம் ஏற்றுவதற்கு முன் அந்த இடத்தின் எண் என்ன, ஏற்றிய பின் என்ன? இருபதுக்கு மேல் ஏறினால் அந்தக் கட்டிக்குள் இரத்தம் ஓடுகிறது, அது வெறும் நீர்க்கட்டி அல்ல. அண்ணனுடைய அறிக்கையில் முன்பு 34, பின்பு 138. கட்டிக்குள் கொழுப்பு இருந்திருந்தால் தீங்கற்ற ஒருவகை என்று ஆறுதல் கொண்டிருக்கலாம். கொழுப்பின் தடம் இல்லை.

அறிக்கையின் கீழ்ப்பகுதியில் இரண்டு வரிகள் இருந்தன. சிறுநீரகச் சிரை தெளிவாக உள்ளது. கீழ்ப்பெருஞ்சிரை தெளிவாக உள்ளது. இதன் பொருளைப் பிற்பாடுதான் புரிந்துகொண்டேன். இந்தப் புற்றுக்கு ஒரு விசித்திரமான பழக்கம் இருக்கிறது. சிலருக்கு அது சிறுநீரகத்திலிருந்து வெளிவரும் சிரைக்குள் புகுந்து, கொடி படர்வதுபோல் இரத்தக்குழாயின் உட்புறமாகவே வளர்ந்து, கீழ்ப்பெருஞ்சிரை வழியாக மேலேறி, சில சமயம் இதயத்தின் வலது மேலறைவரை எட்டிவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு அறுவை என்பது இதயநோய் நிபுணரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு செய்கிற காரியம். நுரையீரல் படமும் எடுத்தார்கள். இரத்தத்தின் வழி போனால் இந்த நோய் முதலில் இறங்கும் இடங்களில் ஒன்று நுரையீரல். அங்கும் ஏதுமில்லை.

ஊசி குத்திச் சதையெடுத்துப் பார்க்க வேண்டாமா என்று நான் கேட்டேன். உறவினர்கள் ஊசி குத்தினால் பரவிவிடும் என்று பயந்தார்கள். அது மிக மிக அரிது என்றார் மருத்துவர்; ஆனாலும் இந்தக் கட்டிக்கு வேண்டாம் என்றார். எந்தப் பதில் வந்தாலும் இந்த அளவில் இதை எடுக்கத்தான் போகிறோம், அப்புறம் கேள்வி எதற்கு? ஊசி முடிவு சிகிச்சையை மாற்றும் என்றால்தான் குத்த வேண்டும். எனக்குச் சரியென்று பட்டது.

எடுக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்கவில்லை. எவ்வளவை எடுப்பது என்பதில்தான் இருந்தது. முதலில் பார்த்த அறுவை மருத்துவர் சிறுநீரகம் முழுவதையும் எடுத்துவிடலாம் என்றார். நுண்துளை வழியாகச் செய்யலாம், இரத்தச் சேதம் குறைவு, நான்கு நாளில் வீட்டுக்குப் போகலாம். மதுரையில் இரண்டாவதாகப் பார்த்தவர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி வெகுநேரம் பார்த்துவிட்டு, கட்டி பாதிக்குமேல் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது, கீழ்முனையை மட்டும் வெட்டி மீதியைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். விலாவுக்குக் கீழே திறந்துதான் செய்ய வேண்டும், இரத்தப்போக்குக்கும் சிறுநீர்க் கசிவுக்கும் வாய்ப்பு கூடுதல், தங்கும் நாட்களும் கூடும் என்பதையும் அவரே சொன்னார்.

திரும்பும் வழியில் கயத்தாறு வரை யாரும் பேசவில்லை. பிறகு அண்ணன் சொன்னார்: "ஏலே தம்பி, விஷம் பட்ட பானையில பாதியை உடைச்சுப் போட்டுட்டு மீதியில யாராவது சோறு பொங்குவாங்களா?" மதினியும் அதே கட்சி. எடுத்தோம் முடிந்தது என்று இருக்க வேண்டும், மிச்சம் வைப்பது வினையை வைப்பது. பானையில் விஷம் எல்லா இடத்திலும் படியும். இந்தக் கட்டியோ பெரும்பாலும் தன்னைச் சுற்றி ஒரு போலி உறையைக் கட்டிக்கொண்டு வளர்வது. ஆகவே உறைக்கு வெளியே மெல்லிய விளிம்பளவு நல்ல சதையோடு எடுத்தாலே போதும் என்பதுதான் மருத்துவர்கள் வந்து சேர்ந்த முடிவு. இதை நான் எத்தனை விதமாகச் சொல்லியும் பானை உவமையை வெல்ல முடியவில்லை.

இந்த விவாதத்துக்கு நூற்றைம்பது வருட வயது இருக்கிறது. 1869 ஆகஸ்டு 2 அன்று ஹைடல்பர்கில் குஸ்டாவ் சைமன் என்ற அறுவை மருத்துவர் ஒரு பெண்ணின் சிறுநீரகத்தைத் திட்டமிட்டு அகற்றினார். அவளுக்குப் புற்றுநோய் இல்லை. முந்தைய அறுவையொன்றில் சிறுநீர்க்குழாய் சேதமாகி ஓயாமல் சிறுநீர் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுக்கை நிறுத்த, அந்தப் பக்கத்துச் சிறுநீரகத்தையே எடுத்துவிடுவது என்பது அவர் யோசனை. ஒற்றைச் சிறுநீரகத்தோடு மனிதர் வாழ முடியுமா என்பதே அன்று நிச்சயமில்லாத விஷயம். நாய்களில் செய்து பார்த்துத் துணிந்த பிறகே மேசைக்கு வந்தார். அந்தப் பெண் பிழைத்தாள். சைமனுக்குப் பின் அதே ஊரில் அதே பதவிக்கு வந்த வின்சென்ஸ் செர்னி 1887இல் ஒரு நோயாளிக்குக் கட்டியை மட்டும் வெட்டி எடுத்துச் சிறுநீரகத்தின் மீதியை விட்டுவைத்தார். ஆக, முழுவதையும் எடுப்பது, பாதியை எடுப்பது இரண்டுமே ஒரே அறுவைக்கூடத்தில் இருபது வருடங்களுக்குள் பிறந்தவை. பிறகு நெடுங்காலம் முழுவதும் எடுப்பதே வென்றது. 1969இல் டொரொண்டோவின் சார்லஸ் ராப்சன், சிறுநீரகத்தை அதன் கொழுப்புப் போர்வை, மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, சுற்றியுள்ள நிணக்கணுக்கள் எல்லாவற்றோடும் ஒரே பொட்டலமாக எடுக்கும் முறையை வெளியிட்டார். ஒரு தலைமுறைக்கு அதுவே வேதம். நுண்துளை அறுவை 1990இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ரால்ஃப் கிளேமன் கையால் வந்தது. ஸ்கேன்கள் சிறிய கட்டிகளைக் காட்டத் தொடங்கியதும் செர்னியின் வழி மீண்டும் உயிர்பெற்றது.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த இரண்டு வழிகளையும் நேருக்கு நேர் வைத்து, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஐரோப்பாவில் ஒரு பெரிய சோதனை செய்தார்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டி உள்ள 541 பேர். 2011இல் முடிவு வந்தது. முழுவதும் எடுக்கப்பட்டவர்களில் பத்து ஆண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் 81 சதவீதம். பகுதி மட்டும் எடுக்கப்பட்டவர்களில் 76 சதவீதம். எல்லாரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. இரு பிரிவிலும் இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் சிலரே. போதிய ஆட்கள் சேராமல் சோதனை முன்கூட்டியே மூடப்பட்டது என்ற குறையும் அதற்கு உண்டு. பகுதி அறுவை சிறுநீரக வேலையைக் கூடுதலாகக் காப்பாற்றியது, ஆனால் அது ஆயுளாக மாறியதாகத் தெரியவில்லை. முதல் மருத்துவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். இரண்டாம் மருத்துவரிடமே இதைக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. அந்தச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் மறுபக்கச் சிறுநீரகம் நன்றாக இருந்தவர்கள், உங்கள் அண்ணன் அப்படியா என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வியில் எனக்குத் தெளிந்துவிட்டது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் பத்து லட்சம் வடிகட்டிகள் உண்டு. இதயம் வெளித்தள்ளும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேதான் போகிறது. நாளுக்கு 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டரைத் தவிர மற்றதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. வடிகட்டி ஒருமுறை செத்தால் புதிதாக முளைப்பதில்லை. சர்க்கரை பதினெட்டு வருடமாக இரண்டு பக்கமும் அரித்துக்கொண்டிருக்கிறது. வலதை முழுக்க எடுத்தால், அரிபட்ட இடது மட்டும் மிஞ்சும். கட்டியிலிருந்து தப்பித்து, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நாற்காலியில் போய் உட்கார நேரலாம். எங்கள் தெருவிலேயே அப்படி ஒருவர் இருந்தார். அண்ணனுக்கு அவரைத் தெரியும். பானை உவமையை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேசினேன். அண்ணன் மறுநாள் காலையில் சரி என்றார்.

ஒப்புதல் படிவம் தமிழில் இருந்தது. நல்ல தமிழ்தான். 'பகுதியளவு அகற்ற முயற்சி செய்யப்படும். தேவை ஏற்படின் சிறுநீரகம் முழுவதும் அகற்றப்படும் என்பதை அறிந்து சம்மதிக்கிறேன்.' 'முயற்சி' என்ற சொல்லின் மேல் அண்ணன் பேனாவை வைத்துக்கொண்டு சற்று நேரம் இருந்தார். வங்கியில் எத்தனையோ கடன் பத்திரங்களைப் படித்துப் பார்த்தவர். பிறகு வழக்கமான கையெழுத்தைப் போட்டு, பழக்கதோஷத்தில் கீழே தேதியும் எழுதினார்.

அறுவை ஐப்பசியில் நடந்தது. உள்ளே நடந்ததை மருத்துவர் பின்னர் மருந்துச் சீட்டின் பின்புறம் படம் போட்டுக் காட்டினார். பன்னிரண்டாம் விலாவுக்கு மேலே திறந்து, கொழுப்பை விலக்கி, சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியை ஒரு கவ்வியால் பிடித்துவிடுகிறார்கள். அந்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. இரத்தம் இல்லாமல் சிறுநீரகம் எவ்வளவு நேரம் தாங்கும்? அரைமணிக்குள் முடிப்பது நல்லது, இருபது நிமிடத்தில் முடித்தால் இன்னும் நல்லது. அதற்குள் கட்டியை வெட்டி எடுத்து, திறந்து கிடக்கும் சிறுநீர் வழிகளையும் இரத்தக்குழாய்களையும் தைத்து, மேலே சதையை இழுத்து மூடி இன்னொரு தையல் போட வேண்டும். நர்ஸ் ஒருவர் நிமிடங்களைச் சத்தமாக எண்ணிக்கொண்டிருப்பாராம். அண்ணனுக்கு 23 நிமிடம் ஆனது.

பிற்பகலில் ஒருவர் வெளியே வந்து அண்ணன் பெயரைச் சொல்லி, கூட வந்தவர்கள் யார் என்று கேட்டார். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் எடுத்ததை உறவினருக்குக் காட்டும் வழக்கம் இருக்கிறது. எதையோ எடுத்தோம், எடுத்தது இதுதான் என்பதற்கு ஒரு ரசீது போல. மதினி வரமாட்டேன் என்றுவிட்டார். நானும் அண்ணன் மகனும் போனோம். எவர்சில்வர் கிண்ணத்தில் ஒரு சிறிய ஆரஞ்சுப் பழம் அளவில் இருந்தது. மருத்துவர் அதை நடுவில் கீறித் திறந்து காட்டினார். நான் கறுப்பாக, அழுகியதுபோல் ஏதோ ஒன்றை எதிர்பார்த்திருந்தேன். உள்ளே நல்ல மஞ்சள். பொன் மஞ்சள், பழுத்த பலாச்சுளையின் நிறம், ஆங்காங்கே இரத்தத் திட்டுகள். அண்ணன் மகன், "இவ்வளவு அழகா இருக்கே சித்தப்பா" என்றான். சொன்னபிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த மஞ்சளுக்குக் காரணம் கொழுப்பு. புற்று செல்களுக்குள் கொழுப்பும் சர்க்கரைச் சத்தும் நிரம்பியிருக்கும். ஆய்வுக்கூடத்தில் பதப்படுத்தும்போது இரண்டும் கரைந்து போய்விடுவதால் நுண்ணோக்கியில் அந்த செல்கள் வெறுமையாக, கண்ணாடி போலத் தெரியும். 'தெளிசெல் புற்று' என்ற பெயர் அப்படி வந்தது. 1883இல் பவுல் கிராவிட்ஸ் என்ற ஜெர்மானிய நோயியலாளர் இந்தக் கொழுப்பைப் பார்த்துவிட்டு, இது சிறுநீரகத்தில் பிறந்ததே இல்லை, மேலேயுள்ள அட்ரீனல் சுரப்பியின் துணுக்குகள் வழிதவறி வந்து முளைத்தவை என்று முடிவுகட்டினார். அவ்வாறே அதற்கு 'ஹைப்பர்நெஃப்ரோமா' என்ற பெயர் அமைந்தது. கருத்து தவறென்று தெரிந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் பெயர் மட்டும் நின்றது. இன்றும் வயதான மருத்துவர்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்திக் கேட்டிருக்கிறேன். சொற்களின் ஆயுள் அப்படி.

மூன்றாம் நாள் விலாப்புறத்து வடிகுழாயில் திரவம் குறைவதற்குப் பதில் கூடியது. அதைச் சோதித்தபோது கிரியாட்டினின் இரத்தத்தில் இருப்பதைப்போலப் பலமடங்கு. அதாவது அது சிறுநீர். தைத்த இடத்தில் கசிகிறது. சைமனின் நோயாளியை நினைத்துக்கொண்டேன். அவளுக்குச் சிறுநீரகத்தையே எடுக்க வேண்டியிருந்தது. அண்ணனுக்குச் சிறுநீர்க்குழாய்க்குள் ஒரு மெல்லிய ஸ்டென்டை வைத்தார்கள். ஒன்பது நாள் சொட்டிவிட்டு நின்றது. அந்த ஒன்பது நாட்களும் யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், முழுசாக எடுத்திருந்தால் இந்த வம்பில்லையே என்ற வாக்கியம் அறையில் இருந்தது. மதினி ஒருமுறைதான் என்னைப் பார்த்தார், அதுவே போதுமானதாக இருந்தது. கிரியாட்டினின் 2.4 வரை ஏறி, மெதுவாக இறங்கி, தைப்பொங்கல் சமயத்தில் 1.7இல் நின்றது.

நோயியல் அறிக்கை: தெளிசெல் புற்று, 4.4 சென்டிமீட்டர், இரண்டாம் படி, வெட்டு விளிம்பில் நோயில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கீமோ எப்போது என்று கேட்டார்கள். தலைமுடி கொட்டவில்லையே என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. வழக்கமான கீமோதெரபி இந்தப் புற்றிடம் ஏறக்குறைய எடுபடாது. பரவிய நோய்க்கு மருந்தென்று உருப்படியாக வரத் தொடங்கியதே 2005, 2006இல்தான். இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் வி.எச்.எல். என்ற ஒரு மரபணு செயலிழந்திருக்கும். அது இல்லாத செல், பிராணவாயு தாராளமாக இருந்தும் மூச்சுத் திணறுவதாக நினைத்துக்கொண்டு புதிய இரத்தக்குழாய்களை வரவழைத்தபடி இருக்கும். சாயமருந்து ஏற்றியதும் கட்டி அவ்வளவு ஒளிர்ந்தது அதனால்தான். செல் பிராணவாயுவை உணரும் இந்த வழியைக் கண்டறிந்த மூவருக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. சுனிட்டினிப் போன்ற மருந்துகள் அந்த இரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுப்பவை. அதன்பின் நோயெதிர்ப்பு மருந்துகளும் வந்தன; அறுவைக்குப் பின் திரும்பி வரும் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு 2021 முதல் அவற்றில் ஒன்றைக் கொடுக்கிறார்கள். அண்ணன் அந்தப் பட்டியலில் இல்லை. அவருக்குச் சிகிச்சை என்பது குறித்த நாளில் ஸ்கேன் எடுத்துக்கொள்வதுதான். மருந்து கொடுக்காததை மதினி இன்னமும் ஒரு குறையாகவே கருதுகிறார்.

வாழைத்தண்டுச் சாறு குடி, இளநீர் குடி என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். பொட்டாசியம் ஏறிவிடும் என்று மருத்துவர் இரண்டையும் அளவோடு நிறுத்திவிட்டார். கீறிய பக்கம் வயிறு கொஞ்சம் புடைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே நரம்பு தளர்ந்திருப்பதால் அப்படி, ஆபத்தில்லை என்கிறார்கள். சட்டையை இன் செய்ய முடியவில்லை என்பது அவருடைய தற்போதைய புகார். கடைசியாக எடுத்த ஸ்கேனில் வலது சிறுநீரகத்தின் கீழ்முனையில் தழும்பு, வேறு மாற்றமில்லை என்று எழுதியிருந்தது. அதை நான் படித்துச் சொன்னபோது, "மிச்சம் எவ்வளவு இருக்குன்னு போட்டிருக்கானா?" என்று கேட்டார். எட்டரை சென்டிமீட்டர் என்றேன். பால் கணக்கு எழுதும் நோட்டில் அதையும் குறித்துக்கொண்டார்.